மேடையில் தடுமாறினால் களக் குறிப்பேட்டைத் திறங்கள்

தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். ஆண்டுதோறும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு இரண்டு மூன்று குழுக்களையாவது தயார்செய்து அனுப்புவது என் தலையில் விழுந்த வேலை. விழுந்ததில் வருத்தமில்லை. 1993 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் மாநாடு இது. நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்துகிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊரில் ஒரு பிரச்சினையைப் பிடித்து, அளந்து, எதையாவது செய்து பார்த்து, நடுவர் முன்னால் எட்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும்.

ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் மாறுகிறார்கள், கோளாறுகள் மாறுவதில்லை. தொடக்கத்தில் நான் எல்லாவற்றையும் மேடையிலேயே சரிசெய்யப் பார்த்தேன். சத்தமாகப் பேசு, நிமிர்ந்து நில், சார்ட்டில் இன்னும் இரண்டு வண்ணம் சேர் என்று விரட்டினேன். ஒன்றும் தேறவில்லை. மேடையில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு முன்பே தெருவில் நடந்து முடிந்த கோளாறு என்பது எனக்குப் புரிய வெகு நாளாயிற்று.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். எளிய காரணம் முதலில், அதிகம் செலவு வைப்பது கடைசியில். செலவு என்று நான் சொல்வது நாள் கணக்கை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர்களை வைத்து வேலை செய்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். நடுவர் இருக்கும் இடத்தில் ஊராட்சித் தலைவரை உட்கார வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

## எதையும் தொடும் முன்

இரண்டு பொருளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, களக் குறிப்பேடு. என்றைக்குப் போனார்கள், எத்தனை மணிக்கு, யார் யார், என்ன பார்த்தார்கள், எந்த வீட்டில் கதவைச் சாத்தினார்கள் என்று அன்றன்றைக்கு எழுதிய நோட்டு. அட்டை போட்டு, ஓரம் கோடிழுத்த நோட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்; அது எனக்காக எழுதியது. அடித்தலும் திருத்தலும் எண்ணெய்க் கறையுமாக ஒன்று பையில் கிடக்கும், அதுதான் வேண்டும். இரண்டாவது, கையால் வரைந்த ஊர் வரைபடம். போன வீட்டுக்கெல்லாம் அதில் ஒரு புள்ளி.

இரண்டும் இல்லையென்றால் பழுதுபார்க்க அங்கே எதுவும் இல்லை. முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

## அறிகுறி: தலைப்பு கம்பீரமாக இருக்கிறது, வேலை நகரவில்லை

“புவி வெப்பமாதலைத் தடுப்பதில் மாணவர் பங்கு.” “நெகிழியில்லா உலகம் படைப்போம்.” இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் தலைப்பு மட்டும்தான் இருக்கும், அழகான எழுத்தில்.

எளிய காரணம், பழைய மாநாட்டுத் தலைப்பையோ செய்தித்தாளில் வந்ததையோ அப்படியே எடுத்துவிட்டார்கள். ஒரே கேள்வி போதும்: “நாளைக்குக் காலையில் எந்தத் தெருவுக்குப் போய் எதை எண்ணப் போகிறீர்கள்?” பதில் வந்தால் தலைப்பு பிழைத்துக்கொள்ளும். பதில் வரவில்லையென்றால் கையிலிருக்கும் தலைப்பை ஒரு தெருவும் ஓர் எண்ணும் கிடைக்கும் வரை சீவுங்கள். நெகிழியில்லா உலகம் “நம் ஊர்ச் சந்தையில் ஒரு வியாழக்கிழமை எத்தனை பேர் சொந்தப் பை கொண்டுவருகிறார்கள்” என்று சுருங்கியதும் பிள்ளைகள் அன்றைக்கே சந்தைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த காரணம், தலைப்பு ஆசிரியருடையது. சீவிய பிறகும் நகரவில்லையென்றால் இதுவாகத்தான் இருக்கும். தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, “உங்கள் வீட்டில் அம்மா தினமும் எதைப் பற்றி அலுத்துக்கொள்கிறார்?” என்று கேளுங்கள். தண்ணீர் வரும் நேரம், நாய், சாக்கடை, கடைசி பஸ் என்று வரிசையாக வரும். என் பள்ளியின் நல்ல ஆய்வுகள் பாதிக்கு மேல் இப்படி அம்மாக்கள் கொடுத்தவை.

செலவு வைக்கும் காரணம், பிள்ளைகளால் அளக்க முடியாத பிரச்சினை. காற்று மாசு, புற்றுநோய், நிலத்தடி நீர்மட்டம். அளக்கும் கருவி இல்லாமல் அதில் இறங்குவது வீண். இரண்டு வாரம் போனாலும் பரவாயில்லை, தலைப்பை மாற்றுங்கள்.

## அறிகுறி: எல்லா வீட்டிலும் ஒரே பதில்

நாற்பது படிவம், நாற்பதிலும் “ஆம்”. நெகிழிப் பையைத் தவிர்க்கிறீர்களா? ஆம். குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறீர்களா? ஆம். அந்தப் படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே தெருவில் நடந்தால் காலில் பை சிக்குகிறது.

### கேள்வி பதிலைச் சொல்லித் தருகிறதா?

இதுதான் மிகச் சாதாரணம். ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பொருட்களுக்கு மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பள்ளிச் சீருடையில் வந்து நிற்கும் பிள்ளையிடம் எந்தத் தாய் “ஆமாம் தம்பி, நான் தடையை மீறுகிறேன்” என்று சொல்வாள்? கேள்வியை மாற்றுங்கள். “நேற்று கடையிலிருந்து என்ன வாங்கினீர்கள்? எதில் வாங்கி வந்தீர்கள்?” பழக்கத்தைக் கேட்டால் நல்ல பெயருக்கான பதில் வரும், நேற்றைக் கேட்டால் நேற்று நடந்தது வரும். முடிந்தால் கேட்கவே வேண்டாம். ரேஷன் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்று எண்ணினால் போதும்.

கழிப்பறை பற்றிக் கேட்டு அலைந்த குழு ஒன்று இதைத் தானாகவே கற்றுக்கொண்டது. “பயன்படுத்துகிறோம்” என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு பையன் மட்டும் குறிப்பேட்டு ஓரத்தில் எழுதியிருந்தான்: “உள்ளே விறகு இருக்கிறது.” நாற்பது படிவத்தை விட அந்த மூன்று சொல் எனக்கு அதிகம் சொன்னது.

### படிவம் அரசாங்கக் கணக்கெடுப்பு மாதிரி தெரிகிறதா?

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரத் தொடங்கிய 2023-க்குப் பிறகு, கையில் அட்டையும் தாளுமாக யார் வந்தாலும் வீட்டுக்காரர்கள் அதற்காகத்தான் என்று நினைக்கிறார்கள். வருமானம் குறையும், மாடு மறையும், மோட்டார் இல்லாமல் போகும். “நாங்கள் இந்தப் பள்ளிப் பிள்ளைகள், பெயர் எழுத மாட்டோம், இது எந்தத் திட்டத்துக்கும் இல்லை” என்ற வரியை முதலில் சொல்லப் பழக்குங்கள். வருமானம், குடும்ப அட்டை எண், ஆதார் மூன்றையும் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பள்ளி ஆய்வுக்கு அவை தேவையே இல்லை.

### நேரம் தவறா?

காலை பத்து மணிக்குப் போனால் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். திண்ணையில் இருக்கும் தாத்தாதான் ஊர் முழுக்கப் பதில் சொல்லியிருப்பார். குறிப்பேட்டில் நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

### வீட்டுக்கே போகவில்லையா?

கடைசியில் இருக்கிற காரணம் இது, ஆனால் அபூர்வம் இல்லை. ஒரு வீட்டுக்கு எட்டு நிமிடம் வைத்தால் நாற்பது வீட்டுக்கு 320 நிமிடம், அதாவது ஐந்தே கால் மணி நேரத்துக்கும் மேல். “சனிக்கிழமை சாயங்காலம் முடித்துவிட்டோம் சார்” என்றால் கணக்கு இடிக்கிறது. படிவங்களை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தெருவுக்குப் போய் வந்த தாள் நாலாய் மடிந்திருக்கும், வியர்வை பட்டு மை கொஞ்சம் பரவியிருக்கும், நடுவில் பேனா மாறியிருக்கும். மேசையில் எழுதியது இஸ்திரி போட்டதுபோல் வந்து சேரும்.

கண்டுபிடித்துவிட்டால் திட்டாதீர்கள். நாற்பது என்ற எண்ணைச் சொன்னது பெரும்பாலும் நாம்தான். பத்து வீடு போதும், நீங்களும் இரண்டு வீட்டுக்கு உடன் போங்கள். உண்மையான பத்து வீட்டை வைத்துக்கொண்டு எட்டு நிமிடம் தாராளமாகப் பேசலாம்.

## அறிகுறி: வரைபடத்தில் ஒரு பக்கம் புள்ளியே இல்லை

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. ஊருக்குள் முப்பத்தெட்டு புள்ளி, காலனியில் இரண்டு. அல்லது ஒன்றும் இல்லை. அறிக்கையில் “எங்கள் ஊர்” என்று எழுதியிருப்பார்கள்.

முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள்: தூரம், வெயில், ஒரு குறிப்பிட்ட நாய். இருந்தால் நேரத்தை மாற்றி இன்னொரு முறை அனுப்பலாம். அடுத்து, அந்தப் பக்கம் யாரையும் தெரியாது என்ற கூச்சம். அங்கன்வாடிப் பணியாளரோ கிராம சுகாதாரச் செவிலியரோ ஒரு நடை உடன் வந்தால் கூச்சம் அன்றைக்கே போய்விடும். அவர்களுக்கு எல்லா வீடும் தெரியும்.

மூன்றாவது காரணம், வீட்டில் “அங்கே போகாதே” என்று சொல்லியிருப்பார்கள். பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது; “அந்தப் பக்கம் டைம் இல்லை சார்” என்றுதான் சொல்லும். இரண்டாம் முறையும் அதே பக்கம் காலியாக வந்தால் இதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்துப் பிள்ளையையே தனியாக அந்தப் பக்கத்துக்கு அனுப்பிப் புள்ளிகளை நிரப்பிவிடலாம் என்று தோன்றும். நானும் ஓராண்டு அப்படிச் செய்தேன். வரைபடம் நிரம்பியது, குழு இரண்டாகப் பிளந்தது. அதன் பிறகு ஆசிரியர் உடன் இல்லாமல் முதல் நடை கிடையாது, குழு மொத்தமாகப் போகும், எல்லோரும் எல்லாத் தெருவுக்கும் போவார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

யாரைக் கூப்பிடுவது: பெற்றோர் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டால், அல்லது ஒரு பிள்ளை தெருவில் வைத்து அவமானப்பட்டால், நீங்களே பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். அன்றைக்கே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பிள்ளையின் பாதுகாப்பு பற்றிய சந்தேகம் எந்த வடிவில் வந்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098.

## அறிகுறி: ஒருத்தியே எல்லாம் செய்கிறாள்

குறிப்பேடு முழுக்க ஒரே கையெழுத்து. சார்ட்டும் அவள், கணக்கும் அவள். மேடையில் பேசுவது மட்டும் ஒரு பையன். எங்கள் பக்கத்தில் இந்தக் கோளாறு இந்த உருவத்தில்தான் வருகிறது.

வேலையைப் பிரித்துக் கொடுக்காதது முதல் காரணம். “எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள்” என்பது ஒருவர் செய்யட்டும் என்பதற்கு இன்னொரு பெயர். நாளுக்கு ஒரு கை என்று குறிப்பேட்டை முறை வைத்து எழுதச் சொல்லுங்கள், கோழிக் கிறுக்கலாக இருந்தாலும்.

அடுத்தது, சிலருக்கு எழுத வராது என்பதை மறைக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களை அளப்பதில் போடுங்கள். என் குழுவில் இருந்த அப்படி ஒரு பையன் தொங்கு தராசை வைத்துக்கொண்டு பதினைந்து நாள் ஒரு தெருவின் குப்பையை எடை போட்டான். முட்டைக் கூடு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று கேட்டால் தாள் பார்க்காமல் சொல்வான். நடுவர் அவனிடம்தான் அதிக நேரம் நின்றார்.

சோதனை: கடைசியில் நிற்கும் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்கள் ஆய்வில் உனக்கு ஆச்சரியமாக இருந்தது எது?” என்று கேளுங்கள். பதில் வந்தால் குழு நன்றாக இருக்கிறது. தரையைப் பார்த்தால் இல்லை.

## அறிகுறி: கணக்கு உதைக்கிறது

சதவீதங்களைக் கூட்டினால் 113 வருகிறது. பதற வேண்டாம். ஒரு வீட்டார் இரண்டு விடை சொல்லலாம் என்று விட்டிருந்தால் 100-ஐத் தாண்டத்தான் செய்யும். சார்ட்டில் அதை ஒரு வரி எழுதினால் முடிந்தது. அப்படி விடவில்லையென்றால் எண்ணியதில் பிழை.

“58.33 சதவீத வீடுகளில்” என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனை வீடு என்றால் பன்னிரண்டு. “12 வீட்டில் 7” என்று எழுதச் சொல்லுங்கள். நடுவரும் மதிப்பார், ஊர்க்காரருக்கும் புரியும்.

சராசரி இன்னும் வம்பு. ஒன்பது வீட்டில் ஒரு நாளைக்கு வீட்டுக்கு 8 குடம், ஒரு டீக்கடையில் 90 குடம். சராசரி 16.2. அந்தத் தெருவில் 16 குடம் பிடிக்கும் வீடு ஒன்றுகூடக் கிடையாது! எண்களை வரிசையாக எழுதி நடுவில் இருப்பதைச் சொல்லச் சொன்னால் 8 வரும். டீக்கடையைத் தனியாகச் சொல்லலாம். குடம் என்றதும் இன்னொன்று: ஒரு குடம் எத்தனை லிட்டர் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். லிட்டர் பாட்டிலால் ஊற்றி நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு அந்த எண்ணை எந்த நடுவராலும் அசைக்க முடியாது.

டெங்குக் கொசுப்புழுவைத் தேடிப் போகும் குழுவுக்கு ஆயத்த அளவுகோலே இருக்கிறது. பார்த்த வீடுகளில் புழு இருந்த வீடுகள் நூற்றுக்கு எத்தனை என்பது வீட்டுக் குறியீடு; 40 வீட்டில் 6 என்றால் 15. சுகாதாரத் துறையினர் பேசும் மொழி அது. அந்த எண்ணோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் உட்கார வைத்துக் கேட்கிறார்கள்.

யாரைக் கூப்பிடுவது: வரைபடத்தாளில் புள்ளி வைத்தும் ஒன்றும் விளங்கவில்லையென்றால் கணித ஆசிரியரை. அதற்கு மேல் வேண்டியிருக்கிறது என்றால் ஆய்வு பள்ளிக்கு அதிகப்படி.

## அறிகுறி: பெரிய முடிவு, சின்னக் கருவி

இதில்தான் நான் சூடுபட்டிருக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு. ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்க்கலாம். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அதனால் ஆண்டுக்கு ஒரு குழுவாவது தண்ணீரைத் தொடும். சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் குழு ஒன்று ஊர்த் தொட்டித் தண்ணீரில் மீட்டரை விட்டு 1,140 என்று பார்த்தது. நேராகக் கிராம சபைக்குப் போய், “நம் தண்ணீரில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருக்கிறது” என்று சொல்லிவிட்டது. நான் பின்வரிசையில் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை டேங்க் ஆபரேட்டர் சைக்கிளில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. “சார், பதினோரு வருடமாக ஏற்றிவிடுகிறேன். விஷத்தை ஏற்றுகிறேன் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்களே” என்றார். கையில் வால்வு திறக்கும் சாவி இருந்தது.

அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் தன்மையை வைத்து, கரைந்திருக்கும் உப்பின் மொத்தத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும். அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்றும் தெரியாது. இந்தியத் தர அளவின்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. ஃபுளோரைடுக்கு அது 1. வேறு வழியில்லாவிட்டால் 1.5. இரண்டும் வேறு வேறு கணக்கு. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது அந்தத் தொட்டியில் ஃபுளோரைடு 1-க்குக் கீழேதான் இருந்தது. குழுவை அழைத்துக்கொண்டு போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அடுத்த கிராம சபையில் பிள்ளைகளே எழுந்து திருத்திச் சொன்னார்கள்.

அதிலிருந்து நான் பார்க்கும் வரிசை இது:

- அறிக்கையில் எந்தச் சொல் கருவி காட்டாததைச் சொல்கிறது? அதை அடியுங்கள். “உப்பு அதிகம்” என்று மீட்டர் சொல்லலாம். “நோய் வரும்” என்று சொல்லாது.
- ஒரே தண்ணீரை மூன்று முறை, மூன்று நாள் பார்த்தார்களா? காலையில் ஒகேனக்கல் தண்ணீரும் மாலையில் போர் தண்ணீரும் ஒரே குழாயில் வரும் ஊர்கள் உண்டு.
- ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டி இருக்கிறதா? ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்ப் பெண்கள் சிலருக்கு அதில் பயிற்சி தந்திருப்பார்கள். அவர்கள் கையால் செய்து காட்டச் சொல்லுங்கள்.
- பாக்டீரியாவைச் சோதிக்கும் குப்பியில் ஊற்றிய தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் கிருமி இருக்கக்கூடும் என்று பொருள். இருக்கக்கூடும் என்று மட்டும்தான்.

யாரைக் கூப்பிடுவது: ஃபுளோரைடு, நைட்ரேட், கறுத்த குப்பி இவற்றில் எது வந்தாலும் மேடைக்கு முன் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம். முடிவு வரும் வரை வாய் திறக்கக் கூடாது, ஊராட்சித் தலைவரிடம் தனியாகச் சொல்வதைத் தவிர. குப்பை ஆய்வில் ஊசி, மருத்துவக் கழிவு கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். கிணற்று விளிம்பு, பாதாளச் சாக்கடை மூடி, மின்மோட்டார் அறை மூன்றும் எந்த ஆய்வுக்கும் கிடையாது.

## அறிகுறி: மேடையில் நின்றுவிடுகிறார்கள்

### சாப்பிட்டார்களா?

சிரிக்காதீர்கள். மாவட்ட அளவுக்கு எங்கள் ஊரிலிருந்து காலை ஐந்தரை மணி பஸ். பாதி பேர் வெறும் வயிறு, மீதிப் பேர் வழியில் வாந்தி. பேசும் முறை வர மதியம் ஆகிவிடும். இட்லி, வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர். நான் பார்த்த மேடைப் பயத்தில் கணிசமான பங்கு இதோடு சரியாகிவிடும்.

### நடுவிலிருந்து சொல்ல முடிகிறதா?

“மூன்றாவது சார்ட்டிலிருந்து சொல்” என்று கேளுங்கள். பிள்ளை கண்ணை மூடி முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்தால் மனப்பாடம். அந்தத் தாளை எழுதியது பெரும்பாலும் நாம். “இன்றியமையாதது” என்ற சொல் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் வந்தால் நடுவருக்குத் தெரிந்துவிடும்.

தாளைப் பிடுங்கிவிட்டு நான்கு பொருளைக் கொடுங்கள்: அளந்த குடம், ஒரு மடிந்த படிவம், ஊர் வரைபடம், அந்த எண்ணெய்க் கறை நோட்டு. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி இரண்டிரண்டு நிமிடம். முதல் ஒத்திகை பாட்டியிடம். பாட்டி இடையில் கேட்கும் கேள்வியை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நடுவரும் ஏறக்குறைய அதையேதான் கேட்பார்.

பொருளைக் கையில் கொடுத்தும் பேச்சு வரவில்லையென்றால், அதைச் செய்தது அந்தப் பிள்ளை இல்லை. “ஒருத்தியே எல்லாம் செய்கிறாள்” என்ற பகுதிக்குத் திரும்புங்கள்.

### கை வாயை மூடுகிறதா?

ஃபுளோரைடு பற்றிப் பேச வேண்டிய எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எல்லாம் தெரிந்தும், ஒவ்வொரு முறையும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள். “கையை எடு” என்று நான்கு நாள் சொன்னேன். ஐந்தாம் நாள்தான் அவள் பற்களைப் பார்த்தேன். அவள் எதைப் பற்றிப் பேசுகிறாளோ அது அவள் வாயிலேயே இருந்தது. அதை அவள் மேடையில் சொன்னால் அரங்கம் அதிரும் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஸ்டாண்டில் இருந்த மைக்கைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். மைக் வாயை மறைத்தது. எட்டு நிமிடமும் பேசினாள்.

### திக்குகிறதா?

வகுப்பிலும் வீட்டிலும் விளையாட்டிலும் திக்கினால் அது மேடை ஒத்திகையால் போகாது, அவசரப்படுத்தினால் கூடும். நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தித் தர நடுவரிடம் முன்பே கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். இது நம் வேலை இல்லை.

### எட்டு நிமிடத்தில் முடியவில்லையா?

வணக்கத்தை வெட்டுங்கள். அவையோர், நடுவர், தலைமையாசிரியர், வழிகாட்டி, பெற்றோர் என்று எல்லோருக்கும் கும்பிடு போட்டு முடிக்கவே ஒன்றரை நிமிடம்.

## அறிகுறி: நடுவர் கேட்டதும் திரும்பி ஆசிரியரைப் பார்க்கிறார்கள்

கேள்வி புரியாமல் இருக்கலாம். “இன்னொரு முறை கேளுங்கள் ஐயா” என்று சொல்லலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பயமாகவும் இருக்கலாம். “அதை நாங்கள் அளக்கவில்லை ஐயா. அளந்திருக்க வேண்டும்” என்ற வாக்கியத்தை ஒத்திகையில் வேண்டுமென்றே பத்து முறை சொல்ல வையுங்கள். எந்த நடுவரும் இதற்கு மதிப்பெண் குறைத்து நான் பார்த்ததில்லை.

இரண்டும் இல்லையென்றால் வேலையை நாம் செய்துவிட்டோம். அரங்கை விட்டு வெளியே போய் நில்லுங்கள், முதலில். மற்றதை அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

## அறிகுறி: சான்றிதழ் வந்ததும் திட்டம் படுத்துவிடுகிறது

ஆய்வு மாவட்டத்தில் தேறியதோ இல்லையோ, டிசம்பரில் சார்ட்டுகள் ஆய்வகப் பரணில் ஏறிவிடும். பரிசு வாங்கிய குழுக்களில் இது இன்னும் அதிகம்.

எளிய காரணம், கேட்ட வீடுகளுக்கு யாரும் திரும்பிப் போய் முடிவைச் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் போதும். அதே தெருவில், அதே சார்ட்டை ஏதாவது ஒரு வீட்டுச் சுவரில் மாட்டிப் பேசினால் ஆயிற்று.

அடுத்தது, சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழு வேலை தொடங்கும் நாளிலேயே இதில் ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். ஊராட்சிச் செயலரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தால் ஐந்து நிமிடம் தருவார். பிள்ளைகள் கோரிக்கை வைக்கும்போது ஒன்றே ஒன்று வைக்க வேண்டும், அதுவும் ஊராட்சியால் முடிந்ததாக. “தெருவிளக்கு மூன்று” நடக்கும். “சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும்” என்றால் கை தட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். தீர்மானமாக எழுதினால் அதன் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மனுவாகக் கொடுத்தால் ஒப்புகை ரசீதைக் கேட்டு வாங்கி ஒட்டச் சொல்லுங்கள்.

செலவு வைக்கும் காரணம், பத்தாம் வகுப்பு முடித்து அந்தப் பிள்ளைகளே வேறு பள்ளிக்குப் போய்விடுவது. இதற்கு ஒரே வழிதான் எனக்குக் கிடைத்தது. ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளையைக் குழுவோடு சும்மா அலைய விடுவேன், போட்டியில் பெயர் இல்லாமல். குறிப்பேட்டின் கடைசி இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டு, “நாங்கள் அளக்காதது” என்று தலைப்பு மட்டும் எழுதி, அதை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். சென்ற ஆண்டு வந்த நோட்டில் அதன் கீழே ஒரே வரி இருந்தது: “மழைக்காலத்தில் குடத்துக் கணக்கு.”